ஒன்ராறியோவில் பேஸ்மென்ட் கட்ட பெர்மிட்: முதல் அளவெடுப்பிலிருந்து கடைசி ஆய்வு வரை

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் என்று எங்கள் ஆட்கள் வீடு வாங்குகிற இடங்களில் எல்லாம், சாவி கையில் வந்த அடுத்த கிழமையே பேஸ்மென்ட் கதை தொடங்கிவிடும். மோர்ட்கேஜ் கட்ட வாடகை வேண்டும், அல்லது ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள், அல்லது பிள்ளைகளுக்கு இடம் காணாது. அப்போது யாராவது ஒருவர் வந்து, "பெர்மிட் எல்லாம் எடுத்தால் மாதக்கணக்கில் இழுக்கும், என்னிடம் விடுங்கள், சுருக்கா முடித்துத் தருகிறேன்" என்று ஒரு விலை சொல்வார். அந்த விலைக்குத் தலையாட்டுவதற்கு முன்பு நீங்கள் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பேஸ்மென்டில் உயிருக்கும் காசுக்கும் முக்கியமான எல்லாம் சுவருக்குள்ளும் சீலிங்குக்கு மேலும் கொங்கிரீட்டுக்குக் கீழும்தான் இருக்கிறது. ட்ரைவால் அடித்துப் பெயின்ட் பூசிய பிறகு அதை யாராலும் பார்க்க முடியாது. பெர்மிட், அதாவது நகரசபையின் கட்டட அனுமதி எடுத்தால், வேலை செய்கிறவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு இன்ஸ்பெக்டர் சுவரை மூடும் முன்பு வந்து பார்ப்பார். கீழே படுக்கப் போகிறவர் உங்கள் அம்மாவாக இருக்கலாம், நேற்று வந்திறங்கிய ஒரு மாணவராக இருக்கலாம். அந்த ஒரு பார்வை அவர்களுக்காகவாவது வேண்டும்.

உங்களுக்கா, வாடகைக்கா?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் பிரிகிறது. மேலே இருக்கிற அதே குடும்பம் பாவிக்க ஒரு ஹோல், விளையாட்டு அறை, ஒஃபிஸ் என்றால் அது ஒரு வகை. தனிக் குசினி, தனி வாஷ்ரூம், தனி வாசல் என்று இன்னொருவர் குடியிருக்கும் இடமாக்கினால் அது இரண்டாவது குடியிருப்பு. இதற்குப் பெர்மிட் கட்டாயம், அதில் விவாதமே இல்லை.

உங்கள் சொந்தப் பாவனைக்கு என்றால் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. ரொறன்ரோவில், கட்டமைப்பில் கை வைக்காமல், புதிய பிளம்பிங் போடாமல், புதிய குடியிருப்பு உருவாக்காமல் வெறுமனே பேஸ்மென்டை முடிப்பதற்குக் கட்டடப் பெர்மிட் தேவையில்லை. ஆனால் ஒரு வாஷ்ரூம் சேர்த்தால் தேவை, யன்னலைப் பெரிதாக்கக் கொங்கிரீட்டை வெட்டினால் தேவை, தூணை நகர்த்தினால் தேவை, வெளியிலிருந்து படி இறக்கினால் தேவை. மற்ற நகரங்களில் இந்தக் கோடு வேறு இடத்தில் இருக்கும். மார்க்கத்தில் இருக்கிற மைத்துனருக்கு நடந்ததை வைத்து விற்பியில் இருக்கிற நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். உங்கள் நகரசபையின் கட்டடப் பிரிவுக்கு ஒரு ஈமெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "இப்போதைக்குச் சொந்தப் பாவனை என்று போடுவோம், பிறகு வாடகைக்கு விடுவோம்" என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்தால் சீலிங்கில் தீத்தடுப்பு இருக்காது, அலாரங்கள் இணைந்திருக்காது, பிறகு முறைப்படி மாற்றும்போது போட்ட சீலிங்கையே திரும்பக் கழற்ற வேண்டி வரும். வாடகைதான் உங்கள் நோக்கம் என்றால் முதல் நாளே அப்படித் திட்டமிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு அனுமதி உண்டா

முன்பெல்லாம் இதுதான் பெரிய தடை. 2022 நவம்பரில் மாகாண அரசு கொண்டு வந்த 23ஆம் மசோதாவுக்குப் பிறகு, நகரத் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள குடியிருப்புக் காணியில், தனி வீடு, செமி, டவுன்ஹவுஸ் எதுவானாலும் மொத்தம் மூன்று குடியிருப்புகள் வரை வைக்கலாம். மேலதிகக் குடியிருப்பு ஒன்றுக்கு ஒரு பார்க்கிங் இடத்துக்கு மேல் நகரசபை கேட்க முடியாது. ரொறன்ரோ 2023 மே மாதத்திலிருந்து நகரம் முழுவதும் நான்கு குடியிருப்பு வரை விட்டிருக்கிறது.

இதற்காக எல்லாம் திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பக்கவாட்டில் படி இறக்கி வாசல் வைப்பதாக இருந்தால், பக்கத்து வீட்டு எல்லைக்கும் உங்கள் சுவருக்கும் இடையில் எவ்வளவு இடம் மிஞ்சும் என்று நகரசபை பார்க்கும். காணாது என்றால் விதிவிலக்குக் கேட்டு நகரசபையின் சரிக்கட்டல் குழுவுக்கு (Committee of Adjustment) போக வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் தனிக் காத்திருப்பும். வீடு ஆற்றுப் பள்ளத்தாக்கு ஓரம் என்றால் நீர்நிலைப் பாதுகாப்பு அதிகார சபையின் அனுமதியும் கேட்கலாம். கொண்டோ டவுன்ஹவுஸ் என்றால் நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். இவற்றையெல்லாம் டிராயிங்குக்குக் காசு கொடுப்பதற்கு முன்பு கேட்டு முடியுங்கள்.

அளவு நாடாவோடு கீழே இறங்குங்கள்

கொன்ராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பு நீங்களே ஒரு மாலை நேரம் எடுத்து அளந்து பாருங்கள். திட்டம் நடக்குமா நடக்காதா என்பது அநேகமாக இதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் உயரம். இரண்டாவது குடியிருப்புக்குத் தரையிலிருந்து சீலிங் வரை 1.95 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஆறடி ஐந்து அங்குலம் வேண்டும். பீம், ஃபர்னஸ் காற்றைக் கொண்டுபோகிற டக்ட் போகிற இடங்களில் 1.85 மீட்டர் வரை இறங்கலாம். இது வேலை முடிந்த பிறகு இருக்க வேண்டிய உயரம், ஆகவே மேலே போடப் போகிற ட்ரைவாலையும் கீழே போடப் போகிற தரையையும் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். கிழக்கு யோர்க், பழைய ரொறன்ரோப் பக்கத்து இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வீடுகளில் பலது இங்கேயே தோற்றுவிடும். அப்போது அத்திவாரத்துக்குக் கீழே தோண்டி அண்டர்பின்னிங் செய்ய வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற பொறியியலாளர் கையெழுத்திட்ட டிராயிங் இல்லாமல் பெர்மிட் கிடையாது, செலவும் வேறு தரம்.

அடுத்தது யன்னல். இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். படுக்கையறை வைக்கிறீர்கள் என்றால், தீ வந்து படியால் ஏற முடியாத நேரத்தில் ஒரு ஆள் வெளியே ஏறிப் போகக்கூடிய யன்னல் வேண்டும். திறந்தால் கிடைக்கிற இடைவெளி குறைந்தது 0.35 சதுர மீட்டர், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வேண்டும், கையை விட்டாலும் திறந்தபடி நிற்க வேண்டும். இரண்டு அளவும் சேர்ந்தே பொருந்த வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: 380க்கு 380 என்று ஒரு யன்னல் வைத்தால் அதன் பரப்பு 0.15 சதுர மீட்டர்கூட வராது. ஒரு பக்கம் 380 என்றால் மறுபக்கம் 920க்கு மேல் வேண்டும். கடையில் போட்டிருக்கிற அளவு சட்டத்தோடு சேர்ந்த வெளி அளவு. இங்கே கணக்கு, திறந்த பிறகு உடம்பு போகக்கூடிய வெறும் இடம் மட்டும். பக்கமாகத் தள்ளுகிற யன்னலில் பாதிதான் திறக்கும். யன்னலுக்கு வெளியே கிணறு போல வெட்டியிருந்தால், யன்னலுக்கு முன்னால் 550 மில்லிமீட்டர் வெறுமையாக இருக்க வேண்டும். வெளிக்கதவு அதே தளத்தில் இருந்தால் விதி கொஞ்சம் தளரும், ஆனாலும் என் கருத்து என்னவென்றால், ஆள் படுக்கிற ஒவ்வொரு அறைக்கும் இந்த யன்னலை வையுங்கள்.

வெளிச்சத்துக்கும் கணக்கு உண்டு. ஐந்து வருடத்துக்கு மேல் பழைய வீடுகளுக்கு ஒன்ராறியோக் கட்டட விதிக்கோவையின் 11ஆம் பகுதி சலுகை தருகிறது. அதன்படி ஹோலுக்குத் தரைப்பரப்பின் 5 சதவீதமும் படுக்கையறைக்கு 2.5 சதவீதமும் கண்ணாடி இருந்தால் போதும்.

தண்ணீர் வந்த வீடா?

பெர்மிட்டுக்கு இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் இதைத் தீர்க்காமல் மேலே போக வேண்டாம். 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் ஒரே மாலையில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16இல் ஏறக்குறைய 98. இரண்டு தடவையும் ரொறன்ரோப் பகுதியில் எத்தனையோ பேஸ்மென்ட்கள் தண்ணீரில் கிடந்தன. சுவரில் வெள்ளை உப்புப் பூத்திருக்கிறதா, மூலையில் ஊத்தை மணம் இருக்கிறதா என்று பாருங்கள். கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, தரைக்குக் கீழே சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இரண்டையும் தரையை வெட்டுகிற இதே நேரத்தில் போட்டுவிடுவது மலிவு. ரொறன்ரோ நகரசபை இவற்றுக்கு மானியமும் கொடுக்கிறது, நிபந்தனைகளை வேலை தொடங்கும் முன்பே வாசியுங்கள். தரை வெட்டியிருக்கும்போதே ரேடோன் வாயுவையும் யோசியுங்கள். கனடா சுகாதாரத் துறை வைத்திருக்கிற எல்லை ஒரு கன மீட்டருக்கு 200 பெக்கரல், சோதிக்கும் கருவி பெரிய விலையில்லை.

டிராயிங்

உங்கள் சொந்த வீட்டுக்கு நீங்களே டிராயிங் போட்டுக் கொடுக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. வேறு ஒருவர் போடுவதாக இருந்தால் அவருக்குப் பிசிஐஎன் என்கிற மாகாணப் பதிவிலக்கம் இருக்க வேண்டும், அல்லது அவர் கட்டடக் கலைஞராகவோ பொறியியலாளராகவோ இருக்க வேண்டும். ஒரு வாஷ்ரூம் மட்டும் என்றால் நீங்களே முயலலாம். இரண்டாவது குடியிருப்பு என்றால் பதிவுள்ள ஒருவரிடம் கொடுங்கள், அந்தக் காசு வீண் போகாது. ஏன் என்றால் நகரசபை திருப்பி அனுப்புகிற விண்ணப்பங்களில் பெரும்பாலும் குறை டிராயிங்கில்தான்.

என்னென்ன இருக்க வேண்டும்: காணி அளவைப் படத்தை வைத்து வரைந்த இடப்படம், பேஸ்மென்ட் இப்போது எப்படி இருக்கிறது, பிறகு எப்படி வரும், மேல் தளத்தின் படம், ஒரு குறுக்கு வெட்டு. ஒவ்வொரு அறைக்கும் பெயர், உயரம், யன்னல் அளவு. சுவரும் சீலிங்கும் எந்தப் பொருளால், எத்தனை அடுக்கு. அலாரங்கள் எங்கே. ஃபர்னஸ், டக்ட், காற்றோட்ட விபரம். வாசல் புதிதாக வெட்டினால் மேலே தாங்குகிற லிண்டல் பற்றிய கணக்கு.

இரண்டாவது குடியிருப்பில் இன்ஸ்பெக்டர்கள் உன்னிப்பாகப் பார்ப்பது மூன்று. முதலாவது, மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் இடையிலான தீத்தடுப்பு. பழைய வீட்டில் பொதுவாக 30 நிமிடம் தாங்க வேண்டும். எல்லா அலாரங்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் சீலிங்குக்கு 15 நிமிடமும் ஏற்கப்படலாம். புதிய வீட்டுக்கு விதி இதைவிடக் கடுமை. இதற்குச் சாதாரண ட்ரைவால் போதும் என்று யாராவது சொன்னால், டிராயிங்கில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அநேகமாக எட்டில் ஐந்து அங்குலத் தடிப்புள்ள, தீயைக் கூடுதல் நேரம் தாங்கும் டைப் எக்ஸ் பலகையாக இருக்கும். இரண்டு வீட்டுக்கும் இடையே கதவு இருந்தால் அது 20 நிமிடத் தீக்கதவு, தானாகச் சாத்திக்கொள்வது. இரண்டாவது, புகை அலாரம்: ஒவ்வொரு படுக்கையறையிலும், அதற்கு வெளியே நடையிலும், ஒவ்வொரு தளத்திலும், மின்கம்பியோடு இணைத்து, சத்தத்தோடு வெளிச்சமும் அடிக்கிற வகை. கூடவே படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம். 2008இல் வுட்ஸ்டொக்கில் ஒரு குடும்பத்தில் நான்கு பேரும் அந்த வாயுவால் இறந்த பிறகுதான் ஒன்ராறியோவில் இதற்கென்று சட்டமே வந்தது. மூன்றாவது, ஃபர்னஸ். பழைய வீட்டில் ஒரே ஃபர்னஸ் இரண்டு வீட்டுக்கும் வேலை செய்யலாம், ஆனால் டக்டுக்குள் ஒரு புகை உணரி வைத்து, புகை வந்தால் எரிபொருளும் மின்சாரமும் நின்று ஃபர்னஸ் அணையும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கீழே கிளம்பின புகையை அந்த ஃபான் மேலே பிள்ளைகள் படுக்கிற அறைக்குக் கொண்டுபோய் ஊதும். நினைத்தாலே பயமாக இருக்கிறது. எத்தனையோ வீடுகளில் இது இல்லை.

விண்ணப்பம்

படிவம் மாகாணம் முழுவதற்கும் ஒன்றுதான். அதோடு டிராயிங் போட்டவரின் விபரத் தாள், டிராயிங்குகள், கட்டணம். அநேகமாக எல்லா நகரசபையும் இப்போது ஒன்லைனில் பிடிஎஃப்பாக வாங்குகின்றன. கொன்ராக்டர் உங்களுக்காகப் போடலாம், அதற்கு நீங்கள் அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் விண்ணப்ப இலக்கத்தை நீங்கள் வாங்கி வைத்து நகரசபைப் பக்கத்தில் நீங்களே பாருங்கள். பெர்மிட் எடுத்தாயிற்று என்று வாயால் சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

முழுமையான விண்ணப்பத்துக்கு நகரசபை 10 வேலை நாட்களுக்குள் பெர்மிட் தர வேண்டும், அல்லது ஏன் தரவில்லை என்று காரணம் எழுத வேண்டும். "முழுமையான" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தாள் குறைந்தாலும் அந்தக் கெடு உங்களுக்கு இல்லை. குறைகள் எழுதி வந்தால் பதற வேண்டாம், அது வழமை. ஒவ்வொரு குறைக்கும் நேராகப் பதில் எழுதி, திருத்திய டிராயிங்கை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள். பெர்மிட் வந்து ஆறு மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டாலும், இடையில் ஒரு வருடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தாலும் அதை ரத்துச் செய்ய நகரசபைக்கு உரிமை உண்டு.

மின்சாரம் வேறு வழி. அது நகரசபைப் பெர்மிட்டில் வராது. மின்சாரப் பாதுகாப்பு ஆணையமான ஈஎஸ்ஏவிடம் தனியாக அறிவித்து, அவர்களின் இன்ஸ்பெக்டர் வர வேண்டும். காசுக்குச் செய்விப்பதாக இருந்தால் உரிமம் பெற்ற மின்சாரக் கொன்ராக்டர் மட்டும்தான். "எனக்கு வேலை தெரியும், லைசன்ஸ் மட்டும் இல்லை" என்கிற ஆளை, அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், மின்சாரப் பனலில் கை வைக்க விடாதீர்கள். இரண்டாவது அடுப்பும் ட்ரையரும் வரப் போகின்றன என்றால் உங்கள் 100 அம்ப் இணைப்புத் தாங்குமா என்று அவரையே கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கொன்ராக்டரோடு ஒப்பந்தம்

ரொறன்ரோவில் வீடு திருத்துகிறவருக்கு நகர உரிமம் வேண்டும். அதைக் கேளுங்கள், காப்புறுதிச் சான்றையும் வேலையாள் காயப்பட்டால் பொறுப்பெடுக்கும் டபிள்யூஎஸ்ஐபி அனுமதிச் சான்றையும் கேளுங்கள். காசை நாள் கணக்கில் கொடுக்காமல் ஆய்வுக் கணக்கில் கொடுங்கள்: நிலத்தடி பிளம்பிங் பாஸ் ஆனதும் ஒரு பகுதி, ஃபிரேமிங், அதாவது சுவர்ச் சட்டங்கள் பாஸ் ஆனதும் ஒரு பகுதி என்று. ஒன்ராறியோக் கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 சதவீதத்தை நீங்கள் பிடித்து வைக்கத்தான் வேண்டும், ஆகவே அதைக் கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. பெர்மிட் இல்லாமல் கட்டினால் உரிமையாளரும் குற்றவாளி. தனி ஆளுக்கு முதல் தடவை 50,000 டொலர் வரை அபராதம் விதிக்கலாம்.

ஆய்வுகள்

பெர்மிட்டோடு வருகிற தாளில் எந்தெந்தக் கட்டத்தில் கூப்பிட வேண்டும் என்று இருக்கும். பேஸ்மென்டில் பொதுவாக வரிசை இப்படி: தரைக்குக் கீழே குழாய் போட்டதும், கொங்கிரீட் ஊற்றும் முன்பு, பிறகு ஃபிரேமிங், சுவருக்குள் போகிற பிளம்பிங், டக்ட், இன்சுலேஷனும் நீராவித் தடுப்புப் பிளாஸ்டிக்கும், தீத்தடுப்பு, கடைசியாக முழு ஆய்வு. அறிவித்ததும் இரண்டு வேலை நாட்களுக்குள் வர வேண்டும் என்பது விதி. வெளியே தோண்டுகிறீர்கள் என்றால், தோண்டும் முன்பு ஒன்ராறியோ வன் கோல் (Ontario One Call) சேவை மூலம் காஸ், மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று குறித்து வாங்குங்கள், அது இலவசம்.

ஒரு கட்டம் பாஸ் ஆகும் வரை அதை மூட வேண்டாம். "அடுத்த வேலைக்கு ஆள் நாளைக்கு வருகிறார்" என்று கொன்ராக்டர் அவசரப்படுத்துவார். மூடினால், திறந்து காட்டச் சொல்ல இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் உண்டு, அந்தச் செலவு உங்களுடையது. கூடுமானால் ஆய்வுக்கு நீங்களும் வீட்டில் நில்லுங்கள். அநேகமான இன்ஸ்பெக்டர்கள் கேட்டால் நின்று விளக்குவார்கள், எங்கள் ஆட்கள் பலர் பயத்தில் மேலேயே இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு சுவரையும் மூடும் முன்பு படம் எடுத்து வையுங்கள்.

ஏற்கெனவே கட்டிய பேஸ்மென்டோடு வீடு வாங்கியிருந்தால்

இது எங்களுக்குள் மிகச் சாதாரணம். விற்பனை விளம்பரத்தில் "இரண்டு படுக்கையறை பேஸ்மென்ட்" என்று இருக்கும், பெர்மிட் இருந்ததா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாங்கும் முன்பு என்றால் நகரசபையில் அந்த முகவரியின் பழைய பெர்மிட் பதிவுகளைக் கேளுங்கள். வாங்கியாயிற்று என்றால், இப்போது விண்ணப்பித்து முறைப்படுத்தலாம். டிராயிங் போட வேண்டும், சில இடங்களில் ட்ரைவாலை வெட்டிக் காட்ட வேண்டும், கூடுதல் கட்டணமும் வரலாம். வலிக்கும்தான். ஆனால் தீ வந்த பிறகு காப்புறுதி நிறுவனத்திடம் இதைப் பற்றிக் கதைப்பதைவிட இது எவ்வளவோ மேல். முதலில் பதிவுள்ள ஒரு டிராயிங்காரரைக் கூட்டி வந்து என்ன குறை என்று பாருங்கள், பிறகு நகரசபைக்குப் போங்கள். குடியிருப்பவர் ஏற்கெனவே கீழே இருந்தால், அலாரங்களை இன்றைக்கே வாங்கிப் பொருத்துங்கள், அதற்கு எந்தப் பெர்மிட்டுக்கும் காத்திருக்க வேண்டாம்.

கடைசி ஆய்வுக்குப் பிறகு

நகரசபையின் இறுதி ஆய்வுக் கடிதம், ஈஎஸ்ஏ சான்றிதழ், முத்திரையிட்ட டிராயிங், மூடும் முன்பு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். விற்கும்போதும் மோர்ட்கேஜ் மாற்றும்போதும் கேட்பார்கள். பிரம்ரன் போன்ற சில நகரங்களில் இரண்டாவது குடியிருப்பைப் பதிவும் செய்ய வேண்டும், பெர்மிட் முடிந்ததால் அது தானாக நடந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். வீட்டுக் காப்புறுதிக்கு அறிவியுங்கள். சொத்து மதிப்பீடும் வரியும் கொஞ்சம் ஏறலாம், அதை வாடகைக் கணக்கில் முன்பே போட்டு வையுங்கள்.

ஆள் குடிவந்த பிறகு அலாரங்களை வருடத்துக்கு ஒரு தடவையும், குடியிருப்பவர் மாறும் ஒவ்வொரு தடவையும் சோதிப்பது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. சோதித்த திகதியை எழுதி அதே கோப்பில் வையுங்கள், யன்னலை எப்படித் திறந்து வெளியே ஏறுவது என்று குடிவருகிறவருக்கு முதல் நாளே ஒரு தடவை செய்து காட்டுங்கள்.